செருப்பை எண்ணிப் பூட்டிய மத்தியானம்

கரிக்கலாம்பாக்கம்,
3.6.2024

ராணிக்கு,

உறை மேல் இருக்கிற கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டாய் என்றால், மிச்சத்தையும் படித்துவிடு. போனில் பேசலாம் என்றால் என் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறாய். என் வீட்டுக்காரர் குமரவேல் நம்பரையும், நம் சிட்டுக்கூடு காப்பகத்து நம்பரையும் கூட விடவில்லை. எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லையே நீ. காரைக்காலில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் வேலை பார்க்கிறாய் என்று ஏம்பலத்தில் உன் அண்ணன் பாக்யராஜ்தான் சொன்னார். விலாசம் கொடுக்க அவருக்கு மனசே இல்லை. வாசலில் நின்றபடியேதான் எழுதி வாங்கி வந்தேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் புதுச்சேரியில் மூன்று நாள் பயிற்சி. காப்பகம் நடத்துகிறவர்கள் தொழிலைப் பெரிதாக்க என்னென்ன பழக்கம் வேண்டும் என்று சார்லஸ் என்று ஒருத்தர் சொல்லிக் கொடுத்தார். முதல் இரண்டு நாளும் எனக்குத் தெரிந்த சங்கதிதான். காலையில் முதல் ஆளாக வா, வேலையைப் பிரித்துக் கொடு, பெற்றவர்களிடம் தினமும் இரண்டு வார்த்தை பேசு. நான் பெரிய மனுஷி மாதிரி தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் அந்த மனுஷன் கேட்டார்: "உங்கள விட்டுப் போன ஆளுங்கள்ல யாரு போனது உங்களுக்குப் பெரிய நஷ்டம்? ஏன் போனீங்கன்னு அவங்கள என்னிக்காவது கேட்டீங்களா?" அங்கேயே ஆளுக்கொரு தாள் கொடுத்து எழுதச் சொன்னார். எல்லாரும் எழுதினார்கள். நான் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அந்தத் தாளில்தான் இப்போது எழுதுகிறேன். ஏன் போனாய் ராணி?

பாகூரில் இரண்டாவது கிளை திறக்கப் போகிறேன். ஏரிப் பக்கம் நல்ல வீடு, காற்றோட்டமான கூடம், பொங்கலுக்குள் திறந்துவிட வேண்டும். இந்தப் பக்கம் நெல் வயலெல்லாம் மனையாகிப் புதுக் குடித்தனம் வந்துகொண்டே இருக்கிறது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள், பிள்ளையை விட இடமில்லை. கூட்டம் வரும். ஆனால் அங்கே நிற்க ஆள் வேண்டும். நீ போனபின் மூன்று ஆயாக்கள் வந்து போய்விட்டார்கள். இப்போது சின்னபொண்ணு என்று ஒருத்தி இருக்கிறாள். அவளும் ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டுதான் இருக்கிறாள். பாகூரை நீதான் எடுத்து நடத்த வேண்டும். முழுப் பொறுப்பும் உனக்கு.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். மத்தியானம் பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில், ஒன்று பத்து வாக்கில், பின்கதவை யாரோ தட்டுகிற மாதிரி சத்தம் வருகிறது. சின்னபொண்ணைப் போய்ப் பார்க்கச் சொல்வேன். யாரும் இல்லை என்பாள். "எனக்கு ஒண்ணும் கேக்கலியேக்கா. உங்களுக்கு கேக்குது பாருங்க, அதான் எனக்கு பயமா கீது" என்கிறாள்.

பதில் போடு.

செல்வகுமாரி

*

காரைக்கால்,
19.6.2024

செல்வகுமாரி அக்காவுக்கு,

கடிதம் வந்தது. பயிற்சியில் கொடுத்த வீட்டுப்பாடத்தை ஒரு மாதம் கழித்து முடித்திருக்கிறீர்கள். சந்தோஷம்.

நான் போகவில்லை அக்கா. நீங்கள் அனுப்பினீர்கள். மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன், எனக்கு ஒன்றும் மறக்கவில்லை.

2022 நவம்பர் பதினொன்று, வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து அடைமழை. பத்து மணிக்கு மேல் லீவு என்று அறிவித்தார்கள். பெற்றவர்களுக்கு நீங்கள்தான் ஒவ்வொருத்தராகப் போன் போட்டீர்கள். பன்னிரண்டு மணிக்கு எனக்கு அண்ணன் போன் செய்தான், அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று. உங்களிடம் கேட்டேன். "போ போ, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். கிளம்பிவிட்டேன். ஒரு மணிக்கு நீங்கள் வாசலில் செருப்பு ஸ்டாண்டைப் பார்த்தீர்கள். காலியாக இருந்தது. செருப்பு இல்லை என்றால் பிள்ளை இல்லை, அதுதானே உங்கள் கணக்கு? பூட்டிவிட்டுப் போனீர்கள்.

வெண்ணிலா உள்ளே இருந்தாள். மூன்று வயசுக் குழந்தை. அவள் அம்மா அமுதம் அபிஷேகப்பாக்கத்தில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தாள், அவளிடம் ஏது போன்? வழக்கம்போல நாலரைக்கு வந்தவள் கரும்புக் கத்தியால் பூட்டை உடைத்துப் பிள்ளையைத் தூக்கினாள். அழுது அழுது குரலே இல்லை, கையெல்லாம் வீங்கியிருந்தது என்று சொன்னார்கள்.

மறுநாள் எல்லாப் பெற்றோர் முன்னாலும் நீங்கள் சொன்னது இது: "சாவி ராணிகிட்டதான் இருந்துச்சு. உள்ள பாத்துட்டு பூட்டுன்னு சொல்லிட்டுதான் போனேன்." நான் பக்கத்தில்தான் நின்றேன்.

எனக்குப் பேசியிருந்த நெட்டப்பாக்கம் சம்பந்தம் அந்த வாரமே நின்றுவிட்டது. ஏம்பலத்தில் மாதா கோயில் பூசைக்குப் போனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் தன் பிள்ளையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றி உட்கார வைப்பாள். அதனால்தான் இங்கே வந்தேன். பாகூருக்கு வர மாட்டேன். பேர் கெட்டவளை வைத்து எப்படிக் கடை திறப்பீர்கள்?

அந்தச் சத்தம் விரல் முட்டியால் தட்டுகிற மாதிரியா, உள்ளங்கையால் அடிக்கிற மாதிரியா? அதை மட்டும் எழுதுங்கள்.

சகாயராணி

*

கரிக்கலாம்பாக்கம்,
2.7.2024

ராணி,

உள்ளங்கையால்.

ஏன் கேட்டாய்? அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ எழுதினது எல்லாம் உண்மை. மறுக்கப் போவதில்லை. ஆனால் அன்றைக்கு என் இடத்தில் நீ நின்றிருந்தால் தெரியும். இருபது பேர் குடையோடு வாசலில் நின்று கத்துகிறார்கள். பிள்ளையைப் பூட்டினது முதலாளியே என்றால் ஒருத்தராவது மறுபடி பிள்ளையைக் கொண்டுவந்து விடுவார்களா? ஆயா பூட்டினாள் என்றால் ஆயாவை அனுப்பிவிடலாம், சிட்டுக்கூடு நிற்கும். வாயில் அதுதான் வந்தது. யோசித்துச் சொன்னேன் என்று நினைக்காதே. சொன்ன பிறகுதான் யோசித்தேன், அப்போது எல்லாரும் உன் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

அன்றைக்குச் சாயந்தரமே ஒரு ஜோடிச் செருப்பு வாங்கிக்கொண்டு அமுதம் வீட்டுக்குப் போனேன். சிவப்பு வார் வைத்தது, சின்ன அளவு. அமுதம் கதவைத் திறக்கவில்லை. அதைத் தூக்கிப் போட மனசு வராமல் கொண்டுவந்து ஸ்டாண்டில் வைத்தேன், கீழ்த் தட்டில், ஓரமாக. அங்கேயேதான் இருக்கிறது. தினமும் சாயந்தரம் பிள்ளைகள் எல்லாம் போன பிறகு ஸ்டாண்டைப் பார்த்தால் ஒரு ஜோடி மிச்சம் இருக்கும். யாருடையது என்று தெரியும், நான்தான் வைத்தேன் என்றும் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு நாளும் அறை அறையாகப் போய்த் தேடச் சொல்லி ஆயாவை விரட்டுகிறேன். அவர்கள் ஏன் நிற்பார்கள், சொல்லு.

எடுத்துவிடலாம்தான். எடுத்தால் ஸ்டாண்டு காலியாகிவிடும். காலி ஸ்டாண்டைப் பார்க்க அதைவிடப் பயமாக இருக்கிறது.

உன்னை ஒன்று கேட்க வேண்டும், இரண்டு வருஷமாக அரித்துக்கொண்டிருக்கிறது. நான் பொய் சொன்னபோது நீ ஏன் வாயைத் திறக்கவில்லை? சாவி என்னிடம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். பொய் சொன்னவள் நான், குற்றவாளி மாதிரி நின்றவள் நீ.

செல்வி அக்கா

*

காரைக்கால்,
21.7.2024

அக்கா,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நான்காவது.

செருப்பு இல்லாமல் வருகிற பிள்ளையைத் திருப்பி அனுப்பு என்று ஒரு சட்டம் போட்டிருந்தீர்கள். புது மனைகளில் குடிவந்த பிளாட்டுக்காரர்கள் மதிக்க மாட்டார்கள், எண்ணிக்கையும் தப்பும் என்று சொன்னீர்கள். தீபாவளிக்கு அப்புறம் வெண்ணிலா செருப்பு சேற்றில் அறுந்து போயிற்று. அமுதம் அடுத்த வாரம் வாங்குகிறேன் என்றாள். திருப்பி அனுப்பினால் அந்தப் பிள்ளை நாள் முழுக்க கரும்புக் கொல்லையில் காய்ந்த இலைச் சோகை நடுவில் உட்கார்ந்திருக்கும். அதனால் ஐந்து நாளாக நான் அவளைப் பின்கதவு வழியாக உள்ளே விட்டேன். கூட்டத்தோடு கூட்டமாக உட்கார வைத்துவிட்டால் உங்களுக்குத் தெரியாது. நீங்கள் பிள்ளைகளின் காலை எங்கே பார்த்தீர்கள், ஸ்டாண்டைத்தானே பார்ப்பீர்கள்.

அன்றைக்கு மழையில் நனைந்து வந்தாள். துணி மாற்றி, சமையல்கட்டை ஒட்டின சாமான் அறையில், அரிசி மூட்டைப் பக்கத்தில் கோணியை விரித்துப் படுக்க வைத்தேன். தூங்கிவிட்டாள். அம்மாவுக்கு முடியவில்லை என்று போன் வந்ததும் கிளம்பினேன். உங்களிடம் வெண்ணிலா உள்ளே தூங்குகிறாள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் செருப்பு எங்கே என்பீர்கள். அவசரத்தில் திட்டு வாங்க வேண்டாம், எப்படியும் பூட்டும்போது பார்ப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. வில்லியனூர் தாண்டும்போது பஸ்ஸில் திடீரென்று தோன்றியது, அக்கா உள்ளே போக மாட்டாள், ஸ்டாண்டைப் பார்த்துவிட்டுப் பூட்டிவிடுவாள் என்று. போன் கையில்தான் இருந்தது. உங்கள் பேரை எடுத்து வைத்தேன். அழுத்தவில்லை. பிள்ளை எழுந்தால் அழும், அக்காவுக்குக் கேட்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்புறம் ஆஸ்பத்திரி, அம்மா, டாக்டர். அமுதம் பூட்டை உடைத்த நேரத்தில் நான் கேண்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். ஆனால் மொத்தமும் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். ஜெபிக்கச் சொன்னார், ஜெபித்தேன். இங்கே பிள்ளைகள் தூங்கும்போது ஒவ்வொன்றின் மூக்கிலும் விரலை வைத்துப் பார்க்கிறேன். போனை எடுத்தால் இன்னும் உங்கள் பேர்தான் முதலில் தெரிகிறது. அதனால்தான் பிளாக் செய்தேன், கோபத்தில் இல்லை.

ராணி

*

கரிக்கலாம்பாக்கம்,
27.7.2024

சகாயராணி,

நல்லவள் மாதிரி என்னமாய் நடித்தாய். இரண்டு வருஷம் நான் சோறு தண்ணி இறங்காமல் செத்துக்கொண்டிருக்கிறேன், ஒரு அப்பாவிப் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டோமே என்று. நீ தெரிந்தே செய்திருக்கிறாய். ஒரே ஒரு போன்! நான் என்ன புலியா, கடித்துத் தின்றுவிடுவேனா? திட்டுவேன், அவ்வளவுதானே. என் திட்டுக்குப் பயந்து ஒரு பிள்ளையைப் பூட்ட விட்டாய்.

என் காப்பகத்தில் என் முதுகுக்குப் பின்னால் பின்கதவு வழியாக ஒரு காப்பகம் நடத்தியிருக்கிறாய். உன்னைப் போய் பாகூருக்குக் கூப்பிட்டேனே.

இனி எழுதாதே.

செல்வகுமாரி

*

காரைக்கால்,
5.8.2024

அக்கா,

திட்டுங்கள். இரண்டு வருஷம் முன்னால் வாங்க வேண்டிய திட்டு, இப்போது வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் ஒரே ஒரு கேள்வி. மழை நாளில் உங்கள் ஸ்கூட்டரை வாசலில் விட மாட்டீர்கள், பின்பக்கத் தகரக் கொட்டகையில்தான் நிறுத்துவீர்கள். பின்கதவுக்கு ஒரு முழம் தள்ளி. அன்றைக்கும் அங்கேதானே நிறுத்தியிருந்தீர்கள்?

ராணி

*

கரிக்கலாம்பாக்கம்,
30.9.2024

ராணி,

உன் கடிதம் வந்து ஐம்பது நாளுக்கு மேல் ஆகிறது. அரிசி டின்னுக்குள் போட்டு மூடி வைத்தேன். தினமும் டின்னைத் திறக்க வேண்டியிருந்தது, இது எனக்குத் தோன்றவே இல்லை பார்.

ஆமாம். கொட்டகையில்தான் நிறுத்தியிருந்தேன்.

முன்கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டுப் பின்பக்கமாக வந்து பூட்டினேன். பாகூரில் அப்போதே ஒரு வீடு பேசியிருந்தோம். அது கைநழுவிப் போய்விடும் என்று குமரவேல் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டின் சொந்தக்காரர் ரெண்டு மணிக்குக் கிளம்பிவிடுவாராம். நான் வண்டியை ஸ்டார்ட் செய்தேன். அப்போது கதவில் சத்தம் கேட்டது. நாலைந்து தடவை. கனமாக இல்லை, சப்பாத்தி மாவைத் தட்டுகிற மாதிரி. தகரத்தில் மழை என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்பதுதான் சரி. மழை தலைக்கு மேலே இருந்து வருகிறது, அந்தச் சத்தம் என் இடுப்பு உயரத்தில் வந்தது. அது எனக்கு அப்போதே தெரியும். இறங்கிப் போய்ப் பூட்டைத் திறக்க ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். கிளம்பிவிட்டேன். அந்த வீடும் கிடைக்கவில்லை.

இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை, குமரவேலிடமும் சொன்னதில்லை.

உன்னைத் திட்டி எழுதிய கடிதத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். என் திட்டுக்குப் பயந்து நீ போன் செய்யவில்லை. அதை உன் தப்பு என்று எழுதினேன். என்னிடம் உண்மையைச் சொல்ல ஆளுங்கள் பயப்படுகிறார்கள் என்றால் அந்தக் காப்பகத்தில் ஒரு பிள்ளை தொலையத்தான் செய்யும். சார்லஸ் சார் மூன்று நாளும் சுற்றிச் சுற்றி இதைத்தான் சொல்லியிருக்கிறார் போல. நான் குறிப்பு எடுத்துக்கொண்டேன், காதில் வாங்கவில்லை.

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கூட்டம் வைக்கிறேன். எல்லார் முன்னாலும் சொல்லிவிடப் போகிறேன். பூட்டினது நான், சாவி என்னிடம்தான் இருந்தது, ராணி பேரில் பொய் சொன்னேன் என்று. சிட்டுக்கூடு நிற்கிறதோ மூடுகிறதோ, தெரியாது. பாகூர் வீட்டுக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை, குமரவேல் குதிப்பார், குதிக்கட்டும்.

செல்வி அக்கா

*

காரைக்கால்,
8.10.2024

அக்கா,

கூட்டத்தில் சொல்வதற்கு முன்னால் அமுதம் வீட்டுக்குப் போங்கள். அவளுக்குத் தெரிய வேண்டியது பிளாட்டுக்காரர்கள் வாய் வழியாகப் போகக் கூடாது.

பழம், பிஸ்கட், புதுச் செருப்பு, எதுவும் வாங்கிப் போகாதீர்கள். கையை வீசிக்கொண்டு போங்கள். காரணம் எதுவும் சொல்லாதீர்கள், குமரவேல் அண்ணன் போன் போட்டார் என்பதைக்கூட. அவள் திட்டினால் முடியும் வரைக்கும் நில்லுங்கள். நடுவில் அழுது தொலைக்காதீர்கள், அப்புறம் அவள் உங்களுக்குச் சமாதானம் சொல்ல வேண்டியதாகிவிடும்.

பின்கதவு விஷயத்தையும், பஸ்ஸில் போன் பண்ணாததையும் நீங்கள் சொல்ல வேண்டாம். அது என்னுடையது. நான் போய்ச் சொல்கிறேன்.

ராணி

*

கரிக்கலாம்பாக்கம்,
4.11.2024

ராணி,

போனேன். போன மாதம் இருபதாம் தேதி. கையை வீசிக்கொண்டுதான் போனேன்.

அமுதம் வெளியே அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. நான் நின்றபடியே சொன்னேன். பூட்டினது நான். தட்டின சத்தம் கேட்டது, கேட்டும் போனேன். ராணி அப்போது அங்கே இல்லவே இல்லை. அவ்வளவுதான் சொன்னேன்.

அவள் திட்டுவாள் என்று தயாராக நின்றேன். திட்டவில்லை. விறகை உள்ளே தள்ளிவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "இத சொல்ல உனக்கு ரெண்டு வருசம் ஆச்சா? அந்தப் பொண்ணு பேர சொல்லி டெய்லியும் சாபம் வுட்டுகினு இருந்தேனே. நல்லாவே இருக்க மாட்டா, அவ வயித்துல ஒண்ணும் தங்காதுன்னு. வுட்ட சாபத்த இப்ப யாரு திருப்பி எடுக்கறது? நீ எடுக்கறியா?"

ராணி, உனக்கு நான் வாங்கிக் கொடுத்தது கெட்ட பேர் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

வெண்ணிலா உள்ளேயிருந்து வந்தாள். ஐந்து வயசாகிறது, வளர்ந்துவிட்டாள். குரல் கொஞ்சம் கரகரப்பாகவே நின்றுவிட்டது. அந்த வீட்டில் ஒரு கதவும் மூடியில்லை, கவனித்தேன். மழை பெய்தாலும் மூட விட மாட்டாளாம், ராத்திரியெல்லாம் அமுதம் நிலைப்படியில் குறுக்கே படுத்துக்கொள்கிறாளாம், நாய் வராமல் இருக்க.

பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னத் தெரியுதாமா?" என்று கேட்டேன்.

"தெரியும். நீங்க வண்டி ஸ்டார்ட் பண்ணீங்க. எனக்கு கேட்டுச்சு" என்றாள்.

அமுதம் கையில் இருந்த விறகு கீழே விழுந்துவிட்டது. "ஏண்டி, இத்தினி நாளா எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலியேம்மா" என்றாள் பிள்ளை.

அவள் அந்தப் பக்கத்தில் நின்று என் வண்டிச் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். நான் இந்தப் பக்கத்தில் அவள் கைச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். நடுவில் ஒரு கதவுதான். அழக் கூடாது என்று நீ எழுதியிருந்தாய். அங்கே அழவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டே ஊர் எல்லை வரைக்கும் வந்தேன், அந்த வாசலில் அதை ஸ்டார்ட் செய்ய முடியவில்லை.

கூட்டமும் நடந்தது. முப்பத்தொரு பிள்ளைகளில் பன்னிரண்டு பேரை மறுநாளே நிறுத்திவிட்டார்கள். தணிகைவேல் என்று ஒருத்தர், இரட்டைப் பிள்ளைகளின் அப்பா, எழுந்து நின்று முகத்துக்கு நேராக, "உங்கள நம்பி எப்பிடிங்க வுடறது?" என்று கேட்டார். வெட்கமாக இருந்தது. "தெரியலிங்க" என்றுதான் சொன்னேன். மற்றவர்கள் ஏன் நிறுத்தவில்லை என்று எனக்குப் புரியவில்லை. பாகூர் வீட்டுக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லியாயிற்று. குமரவேல் ஒரு வாரமாக என்னோடு பேசவில்லை.

சத்தம் நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை.

செல்வி அக்கா

*

காரைக்கால்,
18.11.2024

அக்கா,

நேற்று ஞாயிற்றுக்கிழமை. முதல் பஸ் பிடித்து அபிஷேகப்பாக்கம் போய்விட்டு, உங்களைப் பார்க்காமலேயே திரும்பி வந்துவிட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரே நாளில் இரண்டு பேர் முகத்தைப் பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை.

அமுதத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸில் போன் கையில் இருந்ததையும் சொன்னேன். என்னை அறைந்தாள். ஒரே ஒரு அறை. அப்புறம் அவளே உட்காரச் சொன்னாள், சோறு போட்டாள். "உனுக்கு வுட்டது பாதி சரிதான் போலிருக்கு. மீதிய எடுத்துகிறேன்" என்றாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சாப்பிட்டேன். கன்னம் இன்னும் எரிகிறது. இரண்டு வருஷத்தில் நேற்றுதான் பஸ்ஸில் தூங்கினேன்.

ஜனவரியில் வருகிறேன். பாகூருக்கு இல்லை, சிட்டுக்கூடுக்கு. வருவதற்கு முன்னால் சில விஷயம்.

இனிமேல் செருப்பை எண்ணக் கூடாது. பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, தலையில் கை வைத்து எண்ண வேண்டும். வெறுங்காலோடு வருகிற பிள்ளையும் முன்கதவு வழியாகத்தான் வரும். பூட்டுகிறவர் ஒவ்வொரு அறைக்கும் தானே போய்க் குனிந்து பார்க்க வேண்டும், அது முதலாளியாக இருந்தாலும். தப்பு செய்துவிட்டேன் என்று யார் வந்து சொன்னாலும் முதலில் நன்றி சொல்லிவிட்டு அப்புறம் திட்டுங்கள். திட்டாமல் இருக்க உங்களால் முடியாது என்று தெரியும்.

சத்தம் வரும்போது சின்னபொண்ணை அனுப்பாதீர்கள். நீங்கள் போங்கள்.

ராணி

*

கரிக்கலாம்பாக்கம்,
9.12.2024

ராணி,

போகிறேன். தினமும் ஒன்று பத்துக்குச் சத்தம் வருகிறது, எழுந்து போய்ப் பின்கதவைத் திறக்கிறேன். யாரும் இருப்பதில்லை. முதல் நாள் கதவுக்கு இந்தப் பக்கம் ரொம்ப நேரம் நின்றேன். இப்போது பழகிவிட்டது. திறந்து, கொட்டகையைப் பார்த்து, கிணற்றடியைப் பார்த்து, திரும்பி வரும்போது சாமான் அறையிலும் ஒரு பார்வை. போன வாரம் அப்படிப் போனபோது நிஜமாகவே தணிகைவேலின் பையன் ஒருத்தன் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்திருந்தான். ஆமாம், அவர் பிள்ளைகளை நிறுத்தவில்லை. சத்தம் வராமல் இருந்திருந்தால் நான் போயிருக்கவே மாட்டேன். சின்னபொண்ணும் இப்போது பயப்படுவதில்லை. "டைம் ஆயிடுச்சுக்கா, போய் பாத்துட்டு வாங்க" என்று அவளே சொல்கிறாள்.

முந்தாநாள் அமுதம் வந்தாள். கூட வெண்ணிலா. இந்தப் பக்கம் ஒரு கொல்லையில் வெட்டு, பள்ளிக்கூடமும் லீவு, மூன்று மணி நேரம் பிள்ளை இருக்கட்டும் என்றாள். என்னை நம்பி விட்டாளா, பிள்ளை கேட்டதால் விட்டாளா தெரியவில்லை. "அதுதான் வர்றேன்னு நிக்குது" என்று மட்டும் சொன்னாள். முன்வாசல் வழியாகத்தான் வந்தார்கள்.

வெண்ணிலா ஸ்டாண்டில் இருந்த சிவப்பு வார்ச் செருப்பைப் பார்த்தாள். யாருடையது என்று கேட்டாள். உன்னுடையதுதான் என்றேன். காலை விட்டுப் பார்த்தாள். குதிகால் இரண்டு விரல் வெளியே நின்றது. "சின்னதாயிடுச்சு" என்று கழற்றி வைத்துவிட்டு, நேராகச் சமையல்கட்டுக்குப் போனாள். பின்னாலேயே போனேன். பின்கதவைத் தொட்டுப் பார்த்தாள், உயரம் பார்க்கிற மாதிரி. அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்க உள்ள இருங்க. நான் வெளிய போறேன்" என்றாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அவள் வெளியே போய்க் கதவை இழுத்து மூடினாள். கொண்டி மாட்டுகிற சத்தம் கேட்டது. சமையல்கட்டில் ஜன்னல் கிடையாது, உனக்குத் தெரியும். இருட்டாக இருந்தது. அரிசி மூட்டை வாசம். அவள் ஓடிவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தேன், ஓடினாலும் நியாயம்தான் என்றும் நினைத்தேன். அந்தக் கதவின் உள்பக்கத்தை நான் அதுவரைக்கும் கையால் தடவிப் பார்த்ததே இல்லை ராணி. கீழே, இடுப்பு உயரத்தில், பெயிண்ட் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது.

குனிந்து, அந்த இடத்தில், உள்ளங்கையால் ஒரு தடவை தட்டினேன்.

உடனே கொண்டி விழுந்தது. கதவு திறந்தது. வெளிச்சத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"கேட்டுச்சு, அதான் தொறந்துட்டேன்" என்றாள்.

செல்வி அக்கா